மரத்தூண் கொட்டகை எத்தனை வருஷம் தாங்கும்? ஆயுளைக் கூட்டும் முழுமையான வழிகாட்டி

மரத்தூண்களை நேரே மண்ணில் நட்டு, மேலே டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டகம்) ஏற்றி, குறுக்குச் சட்டம் அடித்து, சுற்றிலும் தகர ஷீட்டை முடுக்கிவிட்டால் கொட்டகை தயார். நீளமாக அஸ்திவாரம் தோண்ட வேண்டாம், சுவர் எழுப்ப வேண்டாம். 1930களில் அமெரிக்கப் பண்ணைகளில் இந்தக் கட்டுமுறை பரவியதற்கு இந்தச் சிக்கனமும் வேகமும்தான் காரணம். அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. மொத்தப் பாரத்தையும் தாங்குகிற மரம் மண்ணுக்குள் நிற்கிறது.

ஆயுள் எவ்வளவு என்று கேட்டால், பொதுவாகச் சொல்லும் கணக்கு 40 முதல் 60 வருஷம். நன்றாகப் பதனிட்ட மரம், ஒழுங்கான வடிகால், அவ்வப்போது சுற்றிப் பார்க்கிற ஆள், இந்த மூன்றும் இருந்தால் வரும் கணக்கு அது. மூன்றும் அமைந்தால் அதைத் தாண்டியும் நிற்கும். பதனிடாத சாதா மரத்தை ஈரமண்ணில் நட்டிருந்தால் பத்து வருஷம் ஓட்டுவதே பெரிய விஷயம்.

எது முதலில் போகும்?

ஒரு கொட்டகைக்கு ஒரே வயது கிடையாது. கூரை ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் 10 முதல் 20 வருஷத்தில் காய்ந்து வெடித்துவிடும். வெளிச்சத்துக்காகப் போடும் ஃபைபர் ஷீட்டும் ஏறக்குறைய அதே வயதில் நொறுங்கும் பதத்துக்கு வரும். தகரத்தின் பெயின்ட் முதலில் வெளுக்கும், அப்புறம் தொட்டால் கையில் மாவாக ஒட்டும், அதற்கும் பிறகுதான் துரு. இவை எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. நனையாத டிரஸ் எத்தனை வருஷமானாலும் கிடக்கும்.

தூண் அப்படியில்லை. தூணிலும் தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே தொடங்கி ஒரு முழம் கீழே வரையுள்ள பகுதிதான் ஆபத்து. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே காற்று உண்டு, ஆனால் மரம் காய்ந்துவிடுகிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. வெனிஸ் நகரத்துக் கட்டடங்களின் அடியில் நீரில் மூழ்கிய மரக்கம்பங்கள் நூற்றாண்டுகளாக நிற்பதும் காற்று எட்டாததால்தான். தரைமட்டத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. அந்த ஒரு முழத்தைக் காப்பாற்றினால் மீதியை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தரையைப் பற்றித்தான் இருக்கும்.

படி 1: எந்த மரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் அழுத்தத்தில் மருந்து ஏற்றுவதைத்தான் பதனிடுதல் என்கிறோம். பழைய கொட்டகைகளில் பச்சை சாயல் அடிக்கும் தூண்கள் பெரும்பாலும் சிசிஏ ஏற்றியவை. அதாவது குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து. ஆர்சனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் இதை நிறுத்திவிட்டார்கள். பண்ணைத் தூண்கள் போன்ற சில உபயோகங்களுக்கு இன்னும் அனுமதி உண்டு. பின்னால் வந்த மருந்துகளில் செம்பின் அளவு அதிகம். அவை இரும்பை வேகமாக அரிக்கும். அந்த மரத்தில் சாதா ஆணி, சாதா போல்ட் அடித்தால் மரம் நன்றாக இருக்கும்போதே ஆணி கரைந்துபோகும். சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ்டு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் அங்கே சரி.

புதிதாகத் தூண் வாங்கினால் முனையில் அடித்திருக்கும் அட்டையைப் படியுங்கள். 'பதனிட்டது' என்று மட்டும் சொன்னால் போதாது. தரைக்கு மேலே வைக்கும் பலகைக்கு ஏற்றும் மருந்தின் அளவு வேறு, மண்ணுக்குள் நின்று கட்டடத்தைத் தாங்கும் தூணுக்கு ஏற்ற வேண்டிய அளவு வேறு. இன்னொன்று, மருந்து மரத்தின் வெளிப்பகுதியில்தான் நன்றாக இறங்கும்; வைரம் பாய்ந்த நடுப்பகுதி குடிக்காது. தூணை அளவுக்கு வெட்டும்போது வெட்டிய முனை மேலே போகட்டும், ஆலையில் பதனிட்டு வந்த முனை மண்ணுக்குள் போகட்டும். வெட்டிய இடத்தில் காப்பர் நாப்தனேட் என்ற செம்பு கலந்த மர மருந்தைத் தடவுங்கள்.

படி 2: தூணடியைச் சோதியுங்கள்

கொட்டகைக்குப் பத்து வயதானதிலிருந்து இதை வருஷம் ஒருமுறை செய்யலாம். மண்வெட்டி, சுத்தியல், கூரான திருப்புளி, கையில் ஒரு டார்ச் போதும். மரத்தின் ஈரம் காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது.

எல்லாத் தூணையும் ஒரே நாளில் தோண்ட வேண்டியதில்லை. சந்தேகப்பட வேண்டியவை எவை என்று முதலில் யோசியுங்கள்: கூரைத் தண்ணீர் கொட்டும் பக்கம், வெயில் படாத பக்கம், சாணமும் சிறுநீரும் தேங்கும் மூலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம். அந்தத் தூண்களைச் சுற்றி ஒரு முழம் ஆழம் தோண்டி மண்ணை விலக்குங்கள். மரத்தைத் துடைத்துவிட்டுச் சுத்தியலால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டங்'கென்று எதிரொலிக்கும், சுத்தியலும் துள்ளும். சத்தம் மந்தமாக மாறுகிற இடத்தில் நிறுத்தி, திருப்புளியை இழைக்குக் குறுக்காகக் குத்தி நெம்பிப் பாருங்கள். நல்ல மரத்தில் நீளமான சிம்பு பிய்ந்து வரும், சத்தத்தோடு உடையும். மக்கிய மரத்தில் சத்தமே இருக்காது; பொட்டென்று சின்னத் துண்டாக உதிரும். திருப்புளி ஓர் அங்குலத்துக்கு மேல் தாராளமாக இறங்கினால் அந்தத் தூண் சிகிச்சைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளியே கெட்டியாகவும் உள்ளே கூடாகவும் இருக்கும் தூண்தான் ஏமாற்றும். மருந்து ஏறிய வெளிப்பகுதி அப்படியே நிற்க, குடிக்காத நடுப்பகுதி வெடிப்பு வழியாக நனைந்து மக்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, தரைமட்டத்தில் மெல்லிய துரப்பணத்தால் கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு துளை போட்டு, வெளியே வரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் சுருள் சுருளாக வந்தால் நல்லது. கறுத்து ஈரமாக, மாவாக வந்தால் கெட்டது. துளையைச் சும்மா அடைத்துவிடாமல் அதற்குள் போரேட் குச்சி (போரான் உப்பால் செய்த மருந்துக் குச்சி) ஒன்றைப் போட்டு மரமுளையால் அடைத்துவிடுங்கள். ஈரம் வரும்போது அது கரைந்து மரத்துக்குள் பரவி பூஞ்சையைத் தடுக்கும். ஈரமண்ணில் நேரடியாகப் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் வெளிப்பூச்சாக அது உதவாது. வெளியில் தடவ காப்பர் நாப்தனேட் பசை இருக்கிறது. தூணைச் சுற்றித் தடவி, மேலே தாள் சுற்றி, மண்ணை மூடிவிடலாம். மின்கம்பங்களைப் பராமரிப்பவர்கள் காலகாலமாகச் செய்வது இதைத்தான்.

தூணில் மண் கோடு மாதிரி ஏறியிருந்தால் அது கரையான் பாதை. தட்டிவிட்டால் மட்டும் போகாது. சில நாள் கழித்து மறுபடி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டியிருந்தால் மண்ணுக்கே மருந்து வைக்க வேண்டும்.

படி 3: தண்ணீரைத் தூணுக்கு வர விடாதீர்கள்

இது செலவு குறைந்த வேலை, பலன் அதிகம், அப்படியிருந்தும் யாரும் செய்வதில்லை. கொட்டகையைச் சுற்றி முதல் 3 மீட்டருக்குத் தரை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். அந்த 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறக்கம் இருந்தால் போதும். கட்டிய புதிதில் அப்படித்தான் இருந்திருக்கும். அப்புறம் சாணம், தூசி, கொட்டிய ஜல்லி, உதிர்ந்த இலை எல்லாம் சேர்ந்து வருஷாவருஷம் மண் ஏறும். ஒரு கட்டத்தில் கீழ்வரிசை அடிப்பலகையும் தகரத்தின் அடி ஓரமும் மண்ணுக்குள் போய்விடும். தகரத்தின் அடி ஓரத்துக்கும் தரைக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மண்ணை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

இறவாணத்தில் தகர வாய்க்கால் இல்லாத கொட்டகை என்றால், இந்தக் கட்டுரையில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையே அதைப் போடுவதுதான். 10 மீட்டருக்கு 20 மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர் வடிகிறது. அது அப்படியே இரண்டு பக்கத் தூண் வரிசையின் அடியில் கொட்டும். வாய்க்கால் போட்டால் மட்டும் போதாது; இறங்கும் குழாயைத் தூணடியிலேயே விட்டுவிடாமல் தூரமாகக் கொண்டுபோய் விடுங்கள். குழாய் முடியும் இடம் கொட்டகையைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

தூணைச் சுற்றிக் கான்கிரீட் போட்டிருந்தால் அதன் மேல்பரப்பைப் பாருங்கள். மரம் காயக் காயச் சுருங்கும். கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். கான்கிரீட்டின் மேல்பகுதி தட்டையாகவோ குழிவாகவோ இருந்தால் தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி, காய வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மேல்பகுதியை வெளிச்சரிவாகப் பூசி, மரத்தை ஒட்டிய இடத்தை நெகிழ்வான சீலன்ட்டால் அடைத்துவிடுங்கள். தூணுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தாலும் இதே கதைதான்: உறையின் வாய் தரைக்கு மேலே இருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும்.

உள்பக்கத்தை மறக்க வேண்டாம். கால்நடை கட்டும் இடத்தில் எருவைத் தூணோடு சேர்த்துக் குவித்துவைப்பது மரத்தை வேண்டுமென்றே ஊறவைப்பதற்குச் சமம். செடி, கொடி, அடுக்கிய விறகு இவற்றைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், காற்று ஓடட்டும்.

படி 4: கூரை ஸ்க்ரூக்கள்

ஒழுகுகிற தகரக் கூரையில் குற்றவாளி பெரும்பாலும் தகரமில்லை, ஸ்க்ரூதான். 10 மீட்டர் நீள இரும்பு ஷீட் 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. நீண்டு சுருங்கும். தினமும் இது நடக்கிறது. கூடவே அடியில் உள்ள மரமும் ஈரத்துக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்குகிறது. இந்த இழுபறியில் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து மேலே வரும், துளை அகலமாகும்.

ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது வாஷரைக் கவனியுங்கள். சரியாக முடுக்கிய ஸ்க்ரூவில் ரப்பர், தொப்பியின் விளிம்பு வரை லேசாகப் பிதுங்கித் தெரியும். விளிம்புக்கு வெளியே பிதுங்கி நசுங்கியிருந்தால் அதிகமாக முடுக்கிவிட்டார்கள், சீக்கிரம் வெடிக்கும். ரப்பரே தெரியாமல் தொப்பி ஆடினால் முடுக்கு போதவில்லை. தளர்ந்த ஸ்க்ரூவை அதே துளையில் மறுபடி முடுக்கினால் பிடிக்காது. அதைவிடத் தடிமனான, கொஞ்சம் நீளமான ஸ்க்ரூவை இபிடிஎம் என்ற வெயில் தாங்கும் செயற்கை ரப்பர் வாஷரோடு போடுங்கள். பழைய கொட்டகையில் ஸ்க்ரூவுக்குப் பதில் ஆணி அடித்திருந்தால், எழும்பிய ஆணியை மறுபடி அடித்து இறக்க வேண்டாம். பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ போடுங்கள். பத்தில் இரண்டு மூன்று கெட்டிருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது. மீதியும் அதே வயதுதானே.

ஓட்டையைக் கண்டால் சிலிகான் டியூப்பை எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் கால்வனைஸ்டு பூச்சை அரிக்கும். ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களுக்கு பியூட்டைல் டேப் என்ற ரப்பர் ஒட்டுநாடாதான் சரி.

கூரையில் ஏறும்போது ஸ்க்ரூ வரிசையின் மேலேயே காலை வையுங்கள். அதன் அடியில்தான் சட்டம் இருக்கிறது. ஃபைபர் ஷீட்டின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்காதீர்கள். தூசி படிந்துபோன பழைய ஃபைபர் ஷீட் தகரம் மாதிரியே தெரியும், உடைந்து விழுந்தபிறகுதான் வித்தியாசம் தெரியும். ஈரம், பனி, பலத்த காற்று இருக்கும் நாளில் ஏற வேண்டாம். பாதுகாப்புக் கயிறும் கீழே ஓர் ஆளும் இல்லாமல் எந்த நாளிலும் ஏற வேண்டாம்.

படி 5: தகரமும் துருவும்

கால்வனைஸ்டு ஷீட்டில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. கால்வால்யூம் என்ற இன்னொரு வகை ஷீட்டின் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம். வெறும் மழைக்கும் வெயிலுக்கும் இரண்டாவதுதான் நீடித்து உழைக்கும். ஆனால் மாடு, பன்றி, கோழி அடைக்கும் கொட்டகைக்குள் அது ஒத்துவராது. எருவிலிருந்து எழும் அமோனியா அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். ஈரமான சிமென்ட், செம்பு மருந்து ஏற்றிய மரம், செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் அதன்மேல் படக்கூடாது. அடிப்பலகை பதனிட்ட மரமாக இருந்தால் நடுவில் ஒரு தடுப்புத் தாள் கொடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை மெல்லிய சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் வைத்துக் கழுவுங்கள். கழுவும்போது மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து பீய்ச்சினால் ஷீட் ஏறும் இடுக்கில் போய் நிற்கும். மழைத் தண்ணீர் படாத இறவாணத்தின் அடிப்பகுதியைத்தான் முக்கியமாகக் கழுவ வேண்டும், அங்கேதான் உப்பும் தூசியும் தங்கும். பறவை எச்சத்தையும் கிடக்கவிடாதீர்கள். ஷீட்டை கிரைண்டரால் வெட்டினால் பறக்கும் இரும்புத்தூள் மேலே ஒட்டிக்கொண்டு சில நாளில் துருப்புள்ளிகளாக மாறும். அன்றைக்கே பெருக்கித் தள்ளிவிடுங்கள்.

மேலாகத் துரு பிடித்த இடத்தை உரசிச் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த ப்ரைமர் அடித்து, அப்புறம் பெயின்ட். ஓட்டை விழுந்த ஷீட்டுக்கு ஒட்டுப்போடுவதைவிட ஷீட்டையே மாற்றுவது மேல்.

படி 6: உள்ளே சொட்டும் வியர்வை

மழையில்லாத காலையிலும் கூரையிலிருந்து சொட்டுகிறதா? அது ஒழுகல் இல்லை. உள்ளே இருக்கும் ஈரக்காற்று, இரவில் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. கால்நடையின் மூச்சு, ஈர வைக்கோல், தளமில்லாத மண்தரை எல்லாமே ஈரத்தைக் கிளப்பும். மாதக்கணக்கில் சொட்டினால் டிரஸின் இரும்புத் தகடுகள் துருப்பிடிக்கும், சட்டங்கள் கறுக்கும். இறவாணத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. தூசியோ குருவிக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் மேலே ஷீட்டின் அடியில் இன்சுலேஷன் கொடுக்கலாம், மண்தரைக்குப் பிளாஸ்டிக் தாள் விரித்து மேலே ஜல்லி போடலாம்.

படி 7: டிரஸ், போல்ட், கதவு

தூணும் டிரஸும் சேரும் இடத்தில் போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்குங்கள். மரம் சுருங்குவதால் முதல் சில வருஷங்களில் இது சகஜம். டிரஸில் மரத்துண்டுகளை இணைக்கும் பல் தகடு மரத்தை விட்டு எழும்பியிருந்தால் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள், பழைய பிடி திரும்ப வராது. பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வசதிக்காக டிரஸின் ஒரு சட்டத்தை வெட்டுவதோ, அதில் பளுவான சாமானைத் தொங்கவிடுவதோ கூடவே கூடாது. குறுக்குமறுக்காகப் போட்ட தாங்கு சட்டங்களை வழியில் இடிக்கிறது என்று கழற்றிவிடுகிறார்கள். புயலில் கொட்டகை சாயாமல் பிடித்திருப்பது அவைதான்.

கதவு உருளும் தடத்தில் குப்பை எடுத்து எண்ணெய் விடுங்கள். பலத்த காற்று வரும்போது பெரிய கதவு திறந்தே கிடந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். கொக்கியும் தாழும் சரியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பது கூரைப் பராமரிப்பிலேயே சேரும்.

தூண் மக்கிவிட்டால் என்ன செய்வது?

ஒரு தூண் போனதற்காகக் கொட்டகையைப் பிரிக்க வேண்டாம். வழக்கமான வழி: டிரஸுக்கு அடியில் முட்டுக்கொடுத்து ஜாக்கியால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, மக்கிய பகுதியைத் தாண்டி நல்ல மரம் வரும் உயரத்தில் தூணை வெட்டி, பழைய குழியில் கான்கிரீட் பீடம் போட்டு, இரும்பு பிராக்கெட்டில் தூணை உட்கார வைப்பது. ஒரு நேரத்தில் ஒரு தூண் மட்டும். ஜாக்கி பாரத்தைத் தாங்கினால் போதும், கூரையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் பக்கத்து ஸ்க்ரூ எல்லாம் பிடுங்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறையப் பேர் யோசிப்பதில்லை. மண்ணில் ஆழ நட்ட தூண் பாரத்தை மட்டும் தாங்கவில்லை, காற்று தள்ளும்போது சாயாமல் எதிர்த்தும் நிற்கிறது. வெட்டி பிராக்கெட்டில் வைத்தபின் அடிப்பகுதி கீல் போல மடங்கக்கூடியதாகிவிடும். ஒன்றிரண்டு தூணுக்கு இது பெரிதாகத் தெரியாது, மற்றவை சமாளித்துக்கொள்ளும். ஒரு பக்க வரிசை முழுக்க அப்படி மாற்றினால் கொட்டகை பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். நாலைந்து தூணுக்கு மேல் மாற்றுவதாக இருந்தால், வளையாமல் பிடிக்கும் வகை பிராக்கெட்டையோ மூலைவிட்டத் தாங்குகளையோ சேர்த்துத் திட்டமிட வேண்டும். இதை ஒரு பொறியாளரின் கணக்கோடு செய்வதுதான் முறை.

பாதிக்கு மேற்பட்ட தூண்கள் மக்கி, முகட்டுக் கோடும் தொய்ந்து தெரிந்தால் பிரித்துக் கட்டுவதே லாபம். நனையாத டிரஸும் நல்ல ஷீட்டும் மறுபடி பயன்படும். பழைய சிசிஏ தூண்களை மட்டும் எரிக்காதீர்கள், புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அறுக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், தூளைக் கால்நடைக்குப் படுக்கையாகப் போட வேண்டாம், கழிவை உள்ளாட்சி சொல்லும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.